இரண்டு லட்சமாவது கிலோமீட்டர்

பட்டறையில் அவரை எல்லாரும் நாப்பதார் என்றுதான் கூப்பிடுவார்கள். வயதை வைத்து வந்த பெயரல்ல. வயது ஐம்பத்தாறு ஆகிவிட்டது. ஊருக்குள் ஓட்டும்போது நாற்பதுக்கு மேல் முள்ளை ஏறவிடமாட்டார். பின்னால் வருகிறவன் ஹாரன் அடித்துக் கை ஓய்ந்து போனாலும் சரி, ஆம்புலன்ஸைத் தவிர வேறு யாருக்காகவும் அவர் கால் பதறியதில்லை. "நாப்பதார் கிளம்பிட்டாராம், சாயங்காலத்துக்குள்ள வந்துடுவாரு" என்று மெக்கானிக்குகள் கேலி செய்வார்கள். அவருக்கு அந்தப் பெயரில் உள்ளூர ஒரு பெருமைதான். பின்சீட்டில் உட்கார்ந்து வருவது குழந்தைகள் டாக்டர். அவர் முழுசாகப் போய்ச் சேர்ந்தால்தானே குழந்தைகளுக்கு வைத்தியம்?

பதினாலு வருஷமாக டாக்டரம்மாவுக்கு அவர்தான் டிரைவர். புது வண்டியாக எடுத்த அன்று மீட்டரில் பதினோரு கிலோமீட்டர் காட்டியது. அதற்குப் பிறகு ஓடிய ஒவ்வொரு கிலோமீட்டரும் அவர் கையால் ஓடியது. மற்றவர்கள் வீட்டுக் கார்களெல்லாம் மூன்று வருஷத்துக்கொரு தடவை முகம் மாறிக்கொண்டிருந்தபோது இந்த நீலக் கார் மட்டும் கண்ணும் கருத்துமாக வளர்த்த பிள்ளை போல அப்படியே இருந்தது. ஒரு லட்சம் ஆன அன்று டாக்டரம்மா வண்டியை ஓரங்கட்டச் சொல்லி, பின்சீட்டிலிருந்து இறங்கி வந்து, முன்பக்கம் தலையை நீட்டி மீட்டரைப் பார்த்தார். "இத்தனை முட்டையை என் கணக்குப் பேப்பர்லதான் தம்பி பாத்திருக்கேன்" என்று சிரித்துவிட்டு, வண்டியின் தலையில் இரண்டு தட்டுத் தட்டினார்.

ஆகவே இரண்டு லட்சத்தை நாப்பதார் ஆவலோடு எதிர்பார்த்திருந்தார். சர்வீஸுக்கு விடவேண்டிய அன்று காலையில் டாக்டரம்மாவைக் கிளினிக் வாசலில் இறக்கும்போது சொன்னார்: "அம்மா, இன்னும் ஒம்பது கிலோமீட்டர்தான். பட்டறைக்குப் போற வழியிலேயே ஆயிடும். நீங்க வண்டியில இருக்கமாட்டீங்களே."

"அப்படியா" என்றார் டாக்டரம்மா. இடது கையால் கதவைத் திறந்துகொண்டு இறங்கிப் போய்விட்டார்.

ராத்திரி சரியாகத் தூங்கியிருக்கமாட்டார் என்று நினைத்துக்கொண்டார் நாப்பதார்.

பட்டறைக்கு இரண்டு தெரு முன்னால், ஒரு தச்சுக்கடை வாசலில், இரண்டு லட்சம் ஆனது. வண்டியை ஓரமாக நிறுத்தி, மீட்டரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். தனியாகப் பார்க்கும்போது அது வெறும் எண்ணாகத்தான் இருந்தது. கிளம்பிவிட்டார்.

பட்டறை கவுண்டரில் இருந்த பெண் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே வேலைகளை வாசித்தாள். இன்ஜின் ஆயில், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர், பிரேக் சோதனை, வீல் அலைன்மென்ட். அவள் வாசிக்க வாசிக்க நாப்பதார் விரலை மடக்கிக்கொண்டே வந்தார். அவள் நிறுத்திவிட்டாள்.

"டைமிங் பெல்ட்டை விட்டுட்டியேம்மா."

"அது இல்லைங்க சார்."

"இல்லாம எப்படி? ஒரு லட்சத்துல மாத்தினது. இப்ப மறுபடி மாத்தணும். அது ஓட்டத்துல அறுந்துச்சுன்னா இன்ஜினே காலி. போர்மேனைக் கேட்டுப் பாரு."

"தெரியும் சார். மேடம்தான் வேண்டாம்னு சொன்னாங்க."

நாப்பதாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எந்த மேடம்? எங்க அம்மாவா? அவங்களுக்கு பெல்ட்னா இடுப்புல கட்டுறதுன்னுதாம்மா தெரியும். பதினாலு வருஷத்துல ஒரு நாள் வண்டியைப் பத்தி இங்க போன் பண்ணியிருக்காங்களா? வேற யாராவதா இருக்கும், நல்லாப் பாரு."

"இல்ல சார், நேத்து மத்தியானம் அவங்களேதான் பேசினாங்க. பெரிய செலவு எதுவும் இப்ப வேண்டாம், வாங்குறவங்க பாத்துக்குவாங்கன்னு..." என்று சொல்லிக்கொண்டே வந்தவள் அவர் முகத்தைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"வாங்குறவங்கன்னா?"

அவள் போர்மேனைக் கூப்பிட்டாள். போர்மேன் கையைத் துடைத்துக்கொண்டே வந்தவர், விஷயம் புரிந்ததும் நாப்பதாரின் தோளில் கை போட்டு, டயர்கள் அடுக்கியிருந்த மூலைக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

"அண்ணே, உங்களுக்குத் தெரியும்னு நெனச்சோம். வண்டியைக் குடுக்கப்போறாங்களாம். சர்வீஸோட சேத்து வண்டி நிலவரத்தை எழுதித் தரச் சொல்லியிருக்காங்க, வாங்குறவங்களுக்குக் காட்ட."

"புது வண்டி எடுக்கறாங்களா?"

"அப்படி ஒண்ணும் சொல்லலையேண்ணே."

நாப்பதார் தலையை ஆட்டினார். எல்லாம் தெரிந்ததுதான் என்பது போல ஆட்டினார். பிறகு காத்திருக்கும் அறைக்குப் போய், சுவரோரமாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

முதலில் அவருக்கு வந்தது துக்கமல்ல, கோபம். அடுத்து, தான் என்ன தப்புப் பண்ணினோம் என்று தேட ஆரம்பித்தார். போன மாதம் ஆஸ்பத்திரித் தூணில் பம்பர் லேசாக உரசியது. அதை அன்றைக்கே சொல்லிவிட்டார். மனைவிக்குக் கண் ஆபரேஷன் நடந்த வாரம் ஒரு நாள் இருபது நிமிஷம் தாமதம், அதற்கும் டாக்டரம்மா, "எதுக்கு இன்னிக்கு வந்தீங்க?" என்றுதான் கடிந்துகொண்டார். வேறென்ன? தனக்கு வயதாகிவிட்டது என்று நினைத்துவிட்டாரோ? தன்னைவிடப் பதினோரு வயது மூத்தவரா அப்படி நினைப்பார்?

பதினாலு வருஷத்தில் பின்சீட்டில் நடந்த பேச்சு எதுவும் அவர் காதில் விழாமல் இருந்ததில்லை, விழுந்தது எதுவும் வாய்க்கு வந்ததில்லை. டாக்டரம்மாவின் தங்கை சொத்துக்காகப் பேச்சை முறித்துக்கொண்டது அவருக்குத் தெரியும். மகனுக்கு முதல் கல்யாணம் ஒத்துவராமல் போனது தெரியும். காப்பாற்ற முடியாமல் போன ஒரு குழந்தைக்காக வீடு வரும்வரை அந்த அம்மா சத்தமில்லாமல் அழுததும், அன்றைக்குத் தான் இரண்டு சுற்று அதிகமாகச் சுற்றி மெதுவாக ஓட்டியதும் தெரியும். எல்லாம் அவரிடம் கிணற்றில் போட்ட கல். அப்படிப்பட்ட மனிதரிடம் இதை மட்டும் ஏன் மறைக்கவேண்டும்?

அப்போதுதான் இன்னொன்று உறைத்தது. இரண்டு மாதமாக வெளிநாட்டில் இருக்கும் மகனிடமிருந்து போன் வந்தால் டாக்டரம்மா, "அப்புறம் பேசறேன்ப்பா, கார்ல இருக்கேன்" என்று வைத்துவிடுகிறார். முன்னெல்லாம் காரில்தான் ஆற அமரப் பேசுவார். கார்ல இருக்கேன் என்றால் என்ன அர்த்தம்? டிரைவர் இருக்கிறார் என்று அர்த்தம்.

அந்த எண்ணம் மற்ற எல்லாவற்றையும்விட அவரைச் சுட்டது. எழுந்து நேராக வண்டி நின்ற இடத்துக்குப் போனார். லிப்டில் தூக்கி வைத்திருந்தார்கள். பழைய ஆயில் கறுப்பாக நூல் போல இறங்கிக்கொண்டிருந்தது.

"பெல்ட்டைப் போட்டுடுங்க" என்றார் போர்மேனிடம்.

"அண்ணே, அவங்க வேண்டாம்னு..."

"அவங்களுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். நாளைக்கு யாரோ பொண்டாட்டி புள்ளையோட போவான். நடுரோட்டுல நின்னா என்னையாத் திட்டுவான்? வண்டியைத் திட்டுவான். என் கையில இருக்கறவரைக்கும் அது அரைகுறையா வெளிய போகாது. கையெழுத்து எங்க போடணும், காட்டுங்க."

போர்மேன் சீட்டை எடுத்து நீட்டினார்.

சாயங்காலம் ஐந்து மணிக்குக் கிளினிக்குக்குப் போனார். வழக்கமாக வெளியே காரிலேயே இருப்பவர் அன்றைக்கு ஏனோ உள்ளே போய் நின்றார். சுவரில் ஒட்டியிருந்த காகித மீன்களில் ஒன்று வால் பெயர்ந்து தொங்கியது. கடைசியாக ஒரு தாய் கைக்குழந்தையோடு இருந்தாள். பாதி திறந்திருந்த கதவு வழியாகப் பார்த்தால், ஊசி போடுவது நர்ஸ். டாக்டரம்மா பக்கத்தில் நின்று, குழந்தைக்கு ஒரு கிலுகிலுப்பையைக் காட்டிக்கொண்டிருந்தார், இடது கையால். வலது கை வெள்ளைக் கோட்டின் பையில் இருந்தது. இத்தனை வருஷமும் ஊசியை நர்ஸிடம் கொடுக்காத டாக்டர் அவர். குழந்தை அழுவதற்குள் ஊசி போட்டு முடித்துவிடும் கை என்று தாய்மார்கள் சொல்லி நாப்பதார் எத்தனை தடவை கேட்டிருக்கிறார்!

வண்டி கிளம்பியது. முதல் சிக்னலில் நின்றது.

"சர்வீஸ் எல்லாம் முடிஞ்சுதா தம்பி?"

"முடிஞ்சுதும்மா. பெல்ட்டும் மாத்தியாச்சு."

கண்ணாடியில் டாக்டரம்மாவின் முகம் நிமிர்ந்தது. "அது வேண்டாம்னு சொல்லியிருந்தேனே."

"சொன்னாங்கம்மா. எல்லாத்தையும் சொன்னாங்க."

சிக்னல் பச்சை ஆனது. ஒரு பள்ளிக்கூடத்தின் நீண்ட மதில் வந்தபோது டாக்டரம்மா, "ஓரமா நிறுத்துங்க" என்றார். நிறுத்தினார். இன்ஜினை அணைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் ஸ்டீயரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"திரும்புங்க தம்பி."

திரும்பினார். டாக்டரம்மா வலது கையை எடுத்து முன்சீட்டின் முதுகில் வைத்தார். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும், கண்ணுக்குத் தெரியாத எதையோ உருட்டுவது போல, ஓயாமல் ஆடிக்கொண்டிருந்தன.

"நரம்பு சம்பந்தப்பட்டது. போகப்போகக் கூடத்தான் செய்யும். மாத்திரை இருக்கு, ஆனா சரியாகாது. மொதல்ல கையெழுத்துதான் சின்னதாச்சு. மருந்துச் சீட்டைப் பாத்தா எறும்பு ஊர்ந்த மாதிரி. மருந்துக்கடைக்காரர் போன் பண்ணி, 'என்ன டாக்டர், பேப்பரை மிச்சம் பிடிக்கிறீங்களா'ன்னு கேட்டாரு. நானும் சிரிச்சேன். அப்புறம் ஒரு நாள் இருபத்தேழு நாள் குழந்தை. ஊசியைக் கொண்டு போறேன், கை நிக்கல. பிடிச்சு நிறுத்திக் குத்தினா, இடம் மாறிப்போச்சு. ரத்தம். அந்தத் தாய் ஒண்ணுமே சொல்லல தம்பி. திட்டியிருந்தாத் தேவலை. அன்னிக்கோட ஊசியைத் தொடறதில்லை."

இடது கையால் கதவைத் திறப்பது, பையை மடியில் வைத்து வலது கையை அதன் அடியில் செருகிக்கொள்வது, எல்லாவற்றையும் நாப்பதார் மாதக்கணக்காகக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டுதான் வந்திருக்கிறார். பார்த்து என்ன பிரயோஜனம்?

"மகன் அங்க வந்துடுன்னு ஒத்தைக் கால்ல நிக்கறான். அடுத்த மாசக் கடைசியில போறேன். கிளினிக்கை மூடறேன்."

"என்கிட்ட ஏம்மா சொல்லல?"

டாக்டரம்மா கையை மடக்கித் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "உங்களுக்கு ஒரு வேலையைப் பாத்து வெச்சுட்டு, ரெண்டையும் ஒண்ணாச் சொல்லலாம்னு நெனச்சேன். தெரிஞ்ச டாக்டருங்க, சிநேகிதிங்க, எல்லார்கிட்டயும் கேட்டேன். தங்கமான மனுஷன்னு சொன்னா சந்தோஷமாக் கேக்கறாங்க. வயசு என்னன்னு கேட்டதும் பேச்சு மாறிடுது. என் தங்கச்சிகிட்டக்கூடக் கேட்டேன்."

"தங்கச்சியம்மாகிட்டயா?" பன்னிரண்டு வருஷமாகப் பேச்சில்லாத தங்கை.

"ஆமா. நானே கூப்பிட்டுப் பேசினேன். அவளும் இல்லைன்னுட்டா. வெறுங்கையோட உங்க முகத்தை எப்படிப் பாக்கறது? தினமும் ஏறி உக்காரும்போது இன்னிக்குச் சொல்லிடணும்னு நெனைப்பேன். நீங்க ரெண்டு லட்சம் ரெண்டு லட்சம்னு சின்னப் பிள்ளையாட்டம் சொல்லிட்டு வந்தீங்க. எங்கேயிருந்து சொல்றது?"

"வேலை கிடக்கட்டும்மா. பெட்டியைத் தூக்கவாவது, ஒரு கதவைத் திறந்துவிடவாவது என்னைக் கூப்பிட்டிருக்கலாமில்ல? ஒத்தைக் கையாலேயே எல்லாத்தையும் பண்ணிட்டு இருந்திருக்கீங்களே!" அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சாவியைத் திருகினார். கிளட்ச்சை விட்ட வேகத்தில் வண்டி ஒரு குலுங்கு குலுங்கி அணைந்தது. பதினாலு வருஷத்தில் அப்படி நடந்ததில்லை.

பின்சீட்டிலிருந்து மெல்லிய குரல் வந்தது. "பெல்ட்டைச் சரியா மாட்டலையோ தம்பி?"

இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது. சிரித்த மாதிரியே அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மதிலுக்கு அந்தப் பக்கம் யாரோ விசில் ஊதினார்கள். இரண்டாம் தடவை வண்டி கிளம்பிவிட்டது.

வீட்டில் மனைவியிடம் சொன்னபோது அவள், வேலை போகிறதே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. "அவங்களுக்கு பொத்தான் போடறதெல்லாம் யாரு? தலை வாரறது?" என்று கேட்டாள். மறுநாளிலிருந்து அவளே காலையில் அவரோடு கிளம்பி, டாக்டரம்மா வீட்டுக்குப் போய்ச் சடை பின்னிவிட்டு, பஸ்ஸில் திரும்பி வந்தாள். கடைசிவரை அப்படித்தான் நடந்தது. டாக்டரம்மா முதல் நாள் வேண்டாம் வேண்டாம் என்றார். இரண்டாம் நாள் சீப்பை எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

வண்டியை வாங்க வந்தவர்கள் இளவயதுத் தம்பதி. கணவன் டயரைக் காலால் உதைத்துப் பார்த்தான். நாப்பதார் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொண்டார். பிறகு அவனைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒவ்வொன்றாகச் சொன்னார். "காலையில ரெண்டாவது கியர் கொஞ்சம் முரண்டு பிடிக்கும், அதட்டாதீங்க. மழையில வலது வைப்பர் கீச்சுங்கும், அது பழக்கதோஷம், பழுது இல்ல. பெல்ட் புதுசு. மூணு லட்சம் வரைக்கும் கவலையில்ல." அவன் "சரிங்க, சரிங்க" என்றானே தவிர எதையும் மனதில் வாங்கியதாகத் தெரியவில்லை. அவன் மனைவி மட்டும் போனில் குறித்துக்கொண்டாள். தெருமுனை திரும்பும்போதே அறுபதில் போனான். நாப்பதார் வாசலில் நின்று, சத்தம் கேட்கும்வரை கேட்டுவிட்டு, காலியாகிப்போன ஷெட்டைக் கூட்டிப் பெருக்கினார்.

ஆகவே விமான நிலையத்துக்கு வாடகைக் கார்தான். நாப்பதார் பெட்டிகளை ஏற்றிவிட்டு, பழக்கத்தில் முன்கதவைத் திறக்கப் போனார். "அங்க எதுக்கு? இங்க வாங்க" என்று டாக்டரம்மா பின்சீட்டில் நகர்ந்து இடம் விட்டார். அந்த அம்மாவுக்குப் பக்கத்தில் அவர் உட்கார்ந்தது அன்றைக்குத்தான். கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. வாடகைக் கார்க்காரன் ஒவ்வொரு தடவை வேகமாகப் போகும்போதும் அவர் வலது கால் தானாகத் தரையை அழுத்தியது. டாக்டரம்மா கவனித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. சிரிக்கிறார் என்றுதான் அவர் நினைத்தார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அது சிரிப்பில்லை என்று புரிந்தது. அந்த அம்மாவின் வலது கை சீட்டின்மேல் இருவருக்கும் நடுவே கிடந்து ஆடிக்கொண்டிருந்தது. நாப்பதார் யோசித்தார். பிறகு தன் கையை அதன்மேல் வைத்து, குருவியைப் பிடிப்பது போல, அழுத்தாமல் பிடித்துக்கொண்டார். விமான நிலையம் வரும்வரை எடுக்கவில்லை.

இப்போது நாப்பதார் ஒரு சலவை நிலையத்தின் வேனை ஓட்டுகிறார். ஆஸ்பத்திரிகளுக்கு வெளுத்த விரிப்புகளைக் கொண்டுபோய் இறக்கி, அழுக்கு மூட்டைகளை ஏற்றிக்கொண்டு வருகிறார். முதலாளிக்கு வேகம் வேண்டும்; நாப்பதாரும் ஐம்பது, ஐம்பத்தைந்து என்று போகப் பழகிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் டாக்டரம்மா போன் செய்வார். முதல் சில மாதங்கள் பேச்சு நன்றாகவே இருந்தது. அங்கே சாலையில் ஒருத்தரும் ஹாரன் அடிப்பதில்லையாம். "உங்களுக்குன்னே கட்டின ஊரு தம்பி" என்றார். பிறகு குரல் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போய்க்கொண்டே வந்தது. கையைப் பிடித்த நோய் தொண்டையையும் பிடித்துவிட்டது என்று மகன் சொன்னான். அதற்கப்புறம் மகன்தான் போனைப் பிடித்துக்கொண்டு, "பேசும்மா, கேட்டுட்டுத்தான் இருக்காரு" என்பான்.

போன ஞாயிறும் அழைப்பு வந்தது. நாப்பதார் ரேடியோவை அணைத்து, ஜன்னலைச் சாத்தி, போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். மூச்சு கேட்டது. மூச்சுக்கு நடுவே சொல் போல ஏதோ கேட்டது. நீளமாக, நிறுத்தி நிறுத்தி, ரொம்ப நேரம் டாக்டரம்மா எதையோ சொன்னார். அவர் "சரிம்மா" என்றார். "ஆமாம்மா" என்றார். ஒரு இடத்தில், சிரிக்கவேண்டிய இடம் போலத் தோன்றியதால், சிரித்தும் வைத்தார்.

போனை வைத்ததும் மனைவி ஈரக் கையோடு வந்து நின்றாள். "என்னங்க சொன்னாங்க?"

"தெரியல" என்றார் நாப்பதார். "ஒரு வார்த்தைகூடப் புரியல."

அவள் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஜன்னலைத் திறக்கவேண்டும் என்று இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.